பெயரும் எண்ணும்: வீட்டு வலையமைப்பில் பெயர்த் தேடலின் வரலாறு

வலையமைப்பில் இணைந்த கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அடையாளம் காண்கின்றன. மனிதர்கள் அவற்றைப் பெயரால் அழைக்கிறார்கள். பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண்ணைக் கண்டுபிடித்துத் தரும் வேலையே பெயர்த் தேடல். வீட்டில் ‘நெட் வரவில்லை’ என்று சொல்லப்படும் நேரங்களில் பல முறை இணைப்பு நன்றாகவே இருக்கும். பெயர்த் தேடல் மட்டும் நின்றுபோயிருக்கும். பிரிண்டருக்கு மின்சாரம் இருக்கிறது, எண்ணைக் கொடுத்தால் அச்சிடுகிறது. பெயரைக் கொடுத்தால் ‘அப்படி ஒன்று இல்லை’ என்ற பதிலே வருகிறது.

இந்தக் குழப்பத்தின் வேர் வரலாற்றில் இருக்கிறது. 1970களிலிருந்து பெயர் தேடுவதற்கு ஐந்து முறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. புதியது வந்தபோது பழையது முழுதாக விலகவில்லை. ஐந்தும் இன்று ஒரே மடிக்கணினிக்குள் வரிசைகட்டி நிற்கின்றன. எந்த முறை எதற்காக வந்தது, அதன் எல்லை எது என்று தெரிந்தவருக்குக் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எளிது.

ஒரே கோப்பில் எல்லாப் பெயரும்

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1969இல் அமெரிக்காவில் நான்கே இடங்களை இணைத்துத் தொடங்கியது. தொடக்கத்தில் ஒவ்வொரு நிலையமும் மற்ற கணினிகளின் பெயர்ப் பட்டியலைத் தானே எழுதி வைத்துக்கொண்டது. அதனால் ஒரே கணினிக்கு ஓரிடத்தில் ஒரு பெயரும் இன்னோரிடத்தில் வேறு பெயரும் வழங்கின. 1971 செப்டம்பரில் மைட்டர் நிறுவனத்தைச் சேர்ந்த பெகி கார்ப், எல்லோருக்கும் பொதுவான குறும்பெயர்களை முன்மொழிந்து ஆர்எஃப்சி 226 என்ற ஆவணத்தை வெளியிட்டார். 1973 டிசம்பரில் பீட்டர் டாய்ச், அதிகாரபூர்வமான ஒரே பட்டியல் ஒரே இடத்தில் இருக்கட்டும், மற்றவர்கள் வலையமைப்பின் வழியாகவே அதை எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதினார்.

அந்த இடம் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் உள்ள ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் இயங்கிய வலையமைப்புத் தகவல் மையம். அதை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர். உடன் பணியாற்றியவர்கள் அவரை ‘ஜேக்’ என்றே அழைத்தார்கள். பட்டியலின் பெயர் ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி. புதிய கணினியை இணைப்பவர் மையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். மையத்தார் கோப்பில் ஒரு வரி சேர்ப்பார்கள். ஒவ்வொரு வரியிலும் கணினியின் எண் முகவரி, பெயர், இயந்திர வகை, இயங்குதளம், அது புரிந்துகொள்ளும் நெறிமுறைகள் ஆகியவை முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்டிருக்கும். பெயர் 24 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. எழுத்து, எண், இணைப்புக்கோடு, புள்ளி ஆகியவை மட்டுமே அதில் வரலாம். ஊர் ஊராக இருந்த நிர்வாகிகள் அந்தக் கோப்பை அவ்வப்போது நகலெடுத்துத் தங்கள் கணினியில் வைத்துக்கொண்டார்கள்.

கணினிகள் பெருகியபோது இந்த ஏற்பாடு மூச்சுத் திணறியது. கோப்பு வளர்ந்தது, அதை நகலெடுப்பவர்களின் எண்ணிக்கையும் வளர்ந்தது. ஒருவர் நகலெடுத்து முடிப்பதற்குள் உள்ளே ஏதாவது ஒரு முகவரி மாறியிருந்தது. இருந்தாலும் அந்தக் கோப்பின் வாரிசு அழியவில்லை. யூனிக்ஸ், லினக்ஸ், மேக், விண்டோஸ் எல்லாவற்றிலும் ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற சிறு உரைக்கோப்பு இன்றும் இருக்கிறது. வழக்கமான அமைப்பில் கணினி வெளியே யாரையும் கேட்பதற்கு முன் அதைத்தான் பார்க்கிறது. வீட்டுக் கோளாறுகளில் முதல் வகை இங்கேதான் பிறக்கிறது. எப்போதோ ஒரு நாள் யாரோ அதில் பிரிண்டரின் முகவரியை எழுதி வைத்திருப்பார்கள். பிறகு பிரிண்டருக்கு வேறு முகவரி வந்திருக்கும். கணினியோ பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும். அந்தக் கோப்பில் இருப்பதைக் கணினி கேள்வியின்றி நம்பும். ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அது மாறாது.

கிளை பிரிந்த மரம்

மையக் கோப்புக்கு மாற்றாக என்ன செய்வது என்ற விவாதம் 1980களின் தொடக்கத்தில் சூடுபிடித்தது. 1981இல் டேவிட் மில்ஸும், 1982 ஆகஸ்ட்டில் ஸாவ்-சிங் சூ, ஜான் போஸ்டல் இருவரும் பெயர்களை வட்டாரங்களாகப் பிரிக்கும் யோசனைகளை எழுதினார்கள். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய பால் மோக்கபெட்ரிஸ், 1983 நவம்பரில் ஆர்எஃப்சி 882, 883 என்ற இரண்டு ஆவணங்களில் முழு வடிவத்தைக் கொடுத்தார். அதுதான் டொமைன் நேம் சிஸ்டம், சுருக்கமாக டிஎன்எஸ்.

அதன் அடிப்படை பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது. பெயர் புள்ளிகளால் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிளை. ஒவ்வொரு கிளைக்கும் அதற்குரிய நிறுவனமே பொறுப்பு. உச்சியில் இருப்பவருக்கு அடுத்த கிளைக்கு யார் பொறுப்பு என்று மட்டும் தெரிந்தால் போதும். கிடைத்த பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்ற கெடுவும் பதிலுடனேயே வரும். மோக்கபெட்ரிஸ் எழுதிய முதல் சர்வர் மென்பொருளின் பெயர் ஜீவ்ஸ். 1984இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் யூனிக்ஸுக்காக எழுதிய பைண்ட் என்ற மென்பொருள் டிஎன்எஸ்ஸைப் பரவச் செய்தது. 1985 மார்ச் 15 அன்று ‘.காம்’ கிளையின் முதல் பெயர் பதிவானது. 1987 நவம்பரில் வந்த ஆர்எஃப்சி 1034, 1035 என்ற திருத்திய ஆவணங்களே இன்றும் அடித்தளம். இந்தியாவுக்கான ‘.இன்’ கிளை 1989இல் உருவானது.

பதிலை நினைவில் வைக்கும் ஏற்பாடு இல்லாவிட்டால் இன்றைய இணையம் இயங்காது. வீட்டில் அதுவே இரண்டாவது வகைக் கோளாறையும் தருகிறது. முகவரி மாறியபின்னும் கெடு முடியும்வரை பழைய பதிலே கிடைக்கும். ‘இல்லை’ என்ற பதிலும் நினைவில் வைக்கப்படுகிறது. 1998இல் வந்த ஆர்எஃப்சி 2308 அதற்குத் தெளிவான விதிகள் வகுத்தது. ஒரு பெயரை உருவாக்குவதற்குச் சற்று முன்னால் யாராவது அதைத் தேடியிருந்தால், உருவாக்கிய பிறகும் சிறிது நேரம் ‘இல்லை’ என்றே பதில் வரும். விண்டோஸில் நினைவைத் துடைக்க ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையுடன் ‘ஃப்ளஷ்டிஎன்எஸ்’ என்று சேர்த்துக் கொடுப்பது இதற்காகத்தான். கணினி, ரவுட்டர், இணைய சேவை நிறுவனம் என்று நினைவுகள் பல இடங்களில் இருப்பதால், ஓரிடத்தில் துடைத்துவிட்டு முடிந்தது என்று நினைக்கக் கூடாது.

டிஎன்எஸ்ஸில் இன்னொரு நிபந்தனை மறைந்திருக்கிறது. உலகம் முழுவதற்கும் ஒரே மரம், யார் கேட்டாலும் ஒரே பதில் என்பதே அதன் கொள்கை. வீட்டுக்குள் இருக்கும் பிரிண்டருக்கோ தொலைக்காட்சிக்கோ அந்த மரத்தில் நெடுங்காலம் இடமிருக்கவில்லை.

கூவிக் கேட்ட காலம்

பல்கலைக்கழகங்களில் டிஎன்எஸ் வளர்ந்த அதே ஆண்டுகளில், அலுவலக மேசைகளில் இருந்த சிறு கணினிகள் வேறு வழியைத் தேர்ந்தன. 1983இல் ஐபிஎம்மின் கணினி வலையமைப்புக்காக சைடெக் நிறுவனம் நெட்பயாஸை உருவாக்கியது. அதில் பட்டியலும் இல்லை, சர்வரும் இல்லை. தெருமுனையில் நின்று பெயரைச் சொல்லிக் கூவுவதுபோல, கணினி வலையமைப்பில் உள்ள எல்லோரையும் பார்த்து ஒரே நேரத்தில் கேட்கும். அந்தப் பெயருக்குரியது மட்டும் பதில் சொல்லும். மைக்ரோசாஃப்டின் முறையில் பெயருக்கு 15 எழுத்துகள். பதினாறாவது இடம் எந்த வகைச் சேவை என்று காட்டும் குறி. முதல் 15 எழுத்துகள் ஒன்றாக இருக்கும் இரண்டு கணினிகள் ஒரே பெயருக்குச் சண்டையிட்டுக்கொள்ளும்.

1987 மார்ச்சில் வந்த இரண்டு ஆவணங்கள் நெட்பயாஸை இணைய நெறிமுறையின் மேல் ஓடவைத்தன. 1992இல் வந்த வொர்க்குரூப்ஸுக்கான விண்டோஸும், 1995இல் வந்த விண்டோஸ் 95இன் ‘நெட்வொர்க் நெய்பர்ஹுட்’ சின்னமும் அதை வீடுகளுக்குக் கொண்டுவந்தன. அந்தச் சின்னத்தைத் திறந்தால் தெரிந்த பட்டியலைப் பராமரிக்க, கணினிகள் தங்களுக்குள் தேர்தல் நடத்தி ஒன்றைத் தலைவராக்கின. ஒவ்வொரு கணினியும் தான் இருப்பதை 12 நிமிடத்துக்கு ஒருமுறை அறிவித்தது. மூன்று முறை அறிவிப்பு வராதபிறகே தலைவர் அதன் பெயரை நீக்கினார். எனவே அணைத்த கணினி பட்டியலில் நெடுநேரம் தெரிந்ததும், புதிதாகப் போட்ட கணினி தெரியத் தாமதமானதும் அந்த அமைப்பின் இயல்பே. பெரிய அலுவலகங்களுக்காக 1994இல் விண்டோஸ் என்டி 3.5 உடன் வின்ஸ் என்ற பெயர் சர்வர் வந்தது. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடங்கிய சாம்பா மென்பொருள் யூனிக்ஸ் கணினிகளையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்தது.

கூவிக் கேட்கும் முறைக்கு ஒரு கறாரான எல்லை உண்டு: குரல் ரவுட்டரைத் தாண்டாது. வீட்டில் ஏற்கெனவே உள்ள ரவுட்டருக்குப் பின்னால் இரண்டாவது ரவுட்டரை வைத்தால், இரண்டு பக்கத்துக் கணினிகளும் ஒன்றையொன்று பெயரால் காணமாட்டா. இது மூன்றாவது வகைக் கோளாறு.

ரவுட்டர் வீட்டுக்கு வந்தபோது

1990களில் மூன்று ஏற்பாடுகள் வீட்டு வலையமைப்பின் முகத்தை மாற்றின. 1993இல் வந்த டிஹெச்சிபி, கணினிக்கு முகவரியைத் தானாகவே ஒதுக்கிக் குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகையாகக் கொடுத்தது. 1994இல் வெளியான முகவரி மாற்றும் முறை, பல கணினிகள் ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வழி செய்தது. 1996 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 1918, உள்ளே மட்டும் பயன்படுத்தும் எண்களை ஒதுக்கியது. வீட்டு ரவுட்டர்களில் எங்கும் காணும் 192.168 என்ற தொடக்கம் அங்கிருந்து வந்தது. இவற்றின் விளைவாக வீட்டுக் கணினியின் முகவரி தற்காலிகமாகவும் அந்தரங்கமாகவும் ஆனது.

முகவரி கொடுக்கும் ரவுட்டருக்கே எந்தக் கணினி எந்தப் பெயருடன் வந்தது என்று தெரியும். அந்தக் குத்தகைப் பட்டியலை டிஎன்எஸ் பதில்களாக மாற்றித் தரும் சிறு மென்பொருள் டிஎன்எஸ்மாஸ்க். அதை எழுதியவர் பிரிட்டனைச் சேர்ந்த சைமன் கெல்லி. ஏராளமான வீட்டு ரவுட்டர்களுக்குள் ஓடுவது அதுதான். வீட்டுக்குள் உள்ள பெயருக்குத் தானே பதில் சொல்லும். வெளிப்பெயரைச் சேவை நிறுவனத்தின் சர்வரிடம் கேட்டு வாங்கித் தரும்.

இந்த ஏற்பாட்டைக் கெடுக்கும் தவறு, கணினியின் அமைப்பில் ரவுட்டரை முதல் டிஎன்எஸ் சர்வராகவும் வெளியிலுள்ள ஒரு பொதுச் சர்வரை இரண்டாவதாகவும் எழுதி வைப்பது. முதலாவதற்குத் தெரியாவிட்டால் இரண்டாவது சொல்லும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இரண்டாவது சர்வர், முதலாவது பதிலே சொல்லாதபோது கேட்பதற்காக வைக்கப்பட்டது. இரண்டும் ஒரே பதிலைத் தரும் என்பது டிஎன்எஸ்ஸின் கொள்கை. வெளிச் சர்வர் வீட்டுப் பெயரைப் பார்த்து ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் கணினி அதையே இறுதி முடிவாக ஏற்கும். காலையில் வேலை செய்த பெயர் மாலையில் வேலை செய்யாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

‘.லோக்கல்’ பிறந்த கதை

சர்வரே இல்லாத வீட்டிலும் பெயர்கள் தாமாக வேலை செய்ய வேண்டும் என்ற எண்ணத்துக்கு ஆப்பிளின் ஆப்பிள்டாக் முன்னுதாரணம். 1985இலிருந்தே மேக்கில் பிரிண்டரைப் பட்டியலில் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடிந்தது. அந்த வசதியை இணைய நெறிமுறைக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர் ஸ்டூவர்ட் செஷயர். 2002 ஆகஸ்ட்டில் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.2 உடன் ராண்டேவூ என்ற பெயரில் அது வந்தது. வணிகப்பெயர் வழக்கின் காரணமாக 2005இல் போன்ஜூர் என்று மாறியது. அதன் உள்ளே இருப்பது பல்முனை டிஎன்எஸ். டிஎன்எஸ் கேள்வியின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு, அதை ஒரு சர்வருக்கு அனுப்பாமல் 224.0.0.251 என்ற குழு முகவரிக்கு, 5353ஆம் போர்ட்டில் அனுப்பும். ‘.லோக்கல்’ என்று முடியும் பெயர்கள் அதற்கு உரியவை. லினக்ஸில் அவாஹி அந்த வேலையைச் செய்கிறது. 2013 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 6762 அதை முறைப்படுத்தியது. அதில் பெயர்கள் யூனிகோடு எழுத்துகளில் இருக்கலாம். எனவே வீட்டுப் பிரிண்டருக்கு நேரடியாகத் தமிழிலேயே பெயர் வைக்க நெறிமுறை இடம் தருகிறது.

மைக்ரோசாஃப்ட் அதே தேவைக்கு எல்எல்எம்என்ஆர் என்ற வேறொரு முறையை உருவாக்கியது. விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த அது 2007 ஜனவரியில் ஆர்எஃப்சி 4795 ஆக வெளியானது. இரண்டும் உறவினர்கள் என்றாலும் ஒன்றின் கேள்விக்கு மற்றது பதில் சொல்லாது. விண்டோஸ் 10 காலத்தில்தான் பல்முனை டிஎன்எஸ் விண்டோஸுக்குள் இயல்பாக வந்தது.

இந்தத் தலைமுறை தந்த கோளாறுகள் இரண்டு. பல அலுவலகங்கள் தங்கள் உள் வலையமைப்புக்கு ஏற்கெனவே ‘.லோக்கல்’ என்று பெயர் வைத்திருந்தன. பல லினக்ஸ் கணினிகளின் அமைப்புக் கோப்பில், ‘.லோக்கல்’ பெயருக்குப் பல்முனை டிஎன்எஸ்ஸில் பதில் கிடைக்காவிட்டால் அத்துடன் தேடலை நிறுத்து என்ற விதி எழுதப்பட்டிருக்கும். அதனால் அலுவலக மடிக்கணினி தன் சொந்தச் சர்வரையே காணாமல் தவிக்கும். மற்றொன்று வைஃபையைச் சேர்ந்தது. விருந்தினருக்கான தனி வைஃபையும், கருவிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும் பாதுகாப்பு வசதியும் குழுச் செய்திகளைத் தடுக்கின்றன. கைப்பேசி விருந்தினர் வைஃபையிலும் பிரிண்டர் வீட்டு வைஃபையிலும் இருந்தால், பெயர் கிடைக்காதது பழுதல்ல. அமைப்பு சொன்னபடியே நடக்கிறது.

பதிலை நம்பலாமா

2003 செப்டம்பர் 15 அன்று ‘.காம்’, ‘.நெட்’ கிளைகளை நிர்வகித்த வெரிசைன் நிறுவனம், பதிவாகாத பெயர்களுக்கும் தன் சொந்த முகவரியைப் பதிலாகத் தரத் தொடங்கியது. ‘இல்லை’ என்ற பதில் மறைந்ததால் பல மென்பொருள்கள் தடுமாறின. பலத்த எதிர்ப்புக்குப் பிறகு அக்டோபர் 4 அன்று அது நிறுத்தப்பட்டது. ஆனால் அந்த வழக்கம் பல இணைய சேவை நிறுவனங்களின் சர்வர்களில் தொடர்ந்தது. வீட்டுக் கணினியின் பெயரைக் கேட்டால் விளம்பரப் பக்கத்தின் முகவரி வந்து சேரும். கணினியும் கிடைத்துவிட்டது என்று நம்பி அங்கே போகும்.

இன்னும் கொடியது டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல். கணினியின் டிஎன்எஸ் அமைப்பையும், கடவுச்சொல் மாற்றப்படாத ரவுட்டர்களின் அமைப்பையும் திருத்தி, கேள்விகளைக் குற்றவாளிகளின் சர்வர்களுக்குத் திருப்பியது. 2011 நவம்பரில் அந்தக் கும்பல் பிடிபட்டபோது, 100க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டிருந்ததாக அமெரிக்கப் புலனாய்வுத் துறை எஃப்பிஐ அறிவித்தது. அந்தச் சர்வர்களைத் திடீரென நிறுத்தினால் அத்தனை பேருக்கும் பெயர்த் தேடல் நின்றுவிடும் என்பதால், நீதிமன்ற உத்தரவின்படி மாற்றுச் சர்வர்கள் 2012 ஜூலை 9 வரை நடத்தப்பட்டன.

இத்தகைய அனுபவங்கள் பயனரை வேறு சர்வர்களை நாட வைத்தன. 2009 டிசம்பரில் கூகுளின் 8.8.8.8, 2018 ஏப்ரலில் கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 வந்தன. 2018 அக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 8484, பிரவுசரே கேள்வியை மறைகுறியாக்கி நேராக வெளியே அனுப்ப வழி செய்தது. அந்தரங்கத்துக்கு அது நல்லது. ஆனால் ரவுட்டருக்கு மட்டுமே தெரிந்த வீட்டுப் பெயர், அந்த வழியில் கேட்டால் கிடைக்காது.

பழையவற்றில் ஒன்று மட்டும் உண்மையாகவே ஓய்வுபெறத் தொடங்கியது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் தாக்குதல், விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பியின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகப் பரவியது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பின் புதிய நிறுவல்களில் எஸ்எம்பி முதல் பதிப்பு இயல்பாகச் சேர்க்கப்படவில்லை. அதை நம்பியிருந்த பழைய கணினிப் பட்டியலும் அதனுடன் போனது. பல வீடுகளில் ‘நெட்வொர்க்’ பக்கம் திடீரென வெறுமையானதன் காரணம் அதுவே.

வீட்டுப் பெயர்களுக்கு மரத்தில் முறையான இடமும் கடைசியில் கிடைத்தது. 2018 மேயில் ஆர்எஃப்சி 8375 ‘ஹோம்.ஆர்ப்பா’ என்ற கிளையை வீடுகளுக்காக ஒதுக்கியது. 2024 ஜூலையில் உள் பயன்பாட்டுக்காக ‘.இன்டர்னல்’ என்ற பெயரை, டிஎன்எஸ் மரத்தின் உச்சியை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு ஒதுக்கிவைத்தது.

கோளாறைத் தேடும் ஒழுங்கு

மைக் முஸ் 1983 டிசம்பரில் எழுதிய ‘பிங்’ இன்றும் முதல் கருவி. முதலில் எண் முகவரிக்கு பிங் அனுப்ப வேண்டும். அதற்கே பதில் இல்லையென்றால் பிரச்சினை பெயரில் அல்ல, இணைப்பில் இருக்கலாம். சில கருவிகள் பிங்குக்குப் பதில் சொல்லாது என்பதால் வேறொரு முகவரியிலும் சோதிப்பது நல்லது. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் பெயர்த் தேடலை ஆராயலாம். பெயருக்கு பிங் அனுப்பும்போது அது எந்த முகவரியைக் காட்டுகிறது என்று கவனிக்க வேண்டும்: தவறான முகவரி என்றால் ஹோஸ்ட்ஸ் கோப்பு, பழைய நினைவு, பொய்ப் பதில் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம், முகவரியே இல்லை என்றால் கேள்வி சரியான இடத்துக்குப் போகவில்லை.

அடுத்து ‘என்எஸ்லுக்அப்’ அல்லது ‘டிக்’ கட்டளை. இவை வழக்கமாக டிஎன்எஸ் சர்வரை மட்டுமே கேட்கும். ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்ப்பதில்லை. ஆகவே பிங் வேலை செய்து என்எஸ்லுக்அப் தோற்றால் அதில் முரண் இல்லை. பதில் வேறு வழியில் வந்திருக்கிறது என்பதே பொருள். பதில் சொன்ன சர்வரின் முகவரியை என்எஸ்லுக்அப் முதல் வரிகளிலேயே காட்டும். அது ரவுட்டரா, சேவை நிறுவனமா, அறியாத மூன்றாவது இடமா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பிங்கில் கிடைக்கும் பெயர் பிரவுசரில் மட்டும் கிடைக்காவிட்டால் பிரவுசரின் தனி டிஎன்எஸ் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

கோளாறு திரும்ப வராமல் இருக்கச் செய்ய வேண்டியவை சில. பிரிண்டர், சேமிப்பகம் போன்ற நிலையான கருவிகளுக்கு ரவுட்டரிலேயே முகவரியை ஒதுக்கி வைக்க வேண்டும். வீட்டுப் பெயர் தேவைப்படும் கணினிகள் ரவுட்டரை மட்டுமே டிஎன்எஸ் சர்வராகக் கொள்ள வேண்டும். வெளிச் சர்வர் வேண்டுமென்றால் அதை ரவுட்டருக்குள் எழுதலாம். ‘.லோக்கல்’ பல்முனை டிஎன்எஸ்ஸுக்கு உரியது. அதை வேறெதற்கும் வைக்கக் கூடாது. ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். ஹோஸ்ட்ஸ் கோப்பில் சோதனைக்காக எழுதியதைச் சோதனை முடிந்த அன்றே நீக்க வேண்டும். பெயர் கிடைக்காதபோது ‘நெட் போய்விட்டது’ என்று முடிவுகட்டுவதற்கு முன், அந்தப் பெயரை யாரிடம் கேட்டோம் என்று பாருங்கள். வீட்டுப் பெயர்க் கோளாறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கேள்வியிலேயே பிடிபட்டுவிடும்.